பந்தில் காற்று குறைந்தால் பாஸ் எளிதாகுமா? அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 ஜனவரி 18 இரவு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபாக்ஸ்பரோவில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை 45–7 என்று தோற்கடித்தது. ஜெயித்தால் சூப்பர் பௌல் எனும் இறுதிப் போட்டி என்ற நிலையில் நடந்த ஆட்டம். ஆனால் விடிந்ததும் ஸ்கோரைப் பற்றிப் பேச ஆளில்லை. பேட்ரியட்ஸ் பந்துகளில் காற்று குறைவாக இருந்தது என்பதுதான் பேச்சு. அதற்கு ‘டிஃப்ளேட்கேட்’ என்று பெயர் விழுந்தது. விசாரணை, வழக்கு, மேல்முறையீடு என்று ஒன்றரை வருடம் இழுத்தது. அந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் இன்றுவரை கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காற்றழுத்தம் பாஸை, அதாவது பந்தைக் கையால் முன்னே எறிவதை, பாதிப்பது உண்மை. ஆனால் அந்தப் பாதிப்பு ஏறக்குறைய முழுவதும் எறிபவரின் விரலில் நடக்கிறது. பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகு அழுத்தத்துக்குச் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை.

பந்தில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்?

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல் விதிப்படி 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ வரை. கல்லூரி ஆட்டங்களுக்கும் இதே வரம்புதான். பந்தின் எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 397 முதல் 425 கிராம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீளம் 11 முதல் 11.25 அங்குலம். மேலே புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு பதித்த மாட்டுத்தோல், உள்ளே யூரிதேன் பிளாடர். நான்கு தோல் துண்டுகளை உட்புறம் வெளியே இருக்கும்படி தைத்து, பிறகு திருப்பிப்போட்டு, பிளாடரை உள்ளே வைத்து லேஸ் கட்டுகிறார்கள். 1941 முதல் என்.எஃப்.எல் பந்துகளைத் தருவது வில்சன் நிறுவனம். ஒஹாயோவில் ஏடா என்ற சின்ன ஊரில் அதன் தொழிற்சாலை இருக்கிறது.

பி.எஸ்.ஐ என்று சொல்வது எதன் அளவு?

வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் அழுத்தம் இருக்கிறது என்பதன் அளவு. பைக் டயருக்குக் காற்று அடிக்கும்போது கேஜில் பார்க்கிறோமே, அதே கணக்கு: டயர் பஞ்சராகித் தட்டையாகக் கிடந்தால் கேஜ் பூஜ்யம் காட்டும், ஆனால் உள்ளே வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கத்தான் செய்யும். கடல் மட்டத்தில் அந்த வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. ஆகவே கேஜ் 12.5 காட்டும் பந்துக்குள் உண்மையில் 27.2 பி.எஸ்.ஐ இருக்கிறது. இந்த 27.2 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குளிரைப் பற்றிய கேள்வியில் இது வேண்டும். 2015 இல் தொலைக்காட்சியில் பேசிய பலரும் இந்த 14.7 ஐக் கூட்ட மறந்துதான் தப்புக் கணக்கு போட்டார்கள்.

காற்று குறைந்தால் பந்து லேசாகிவிடுமா? அதனால் தூரம் போகுமா?

இல்லை. பந்தின் கொள்ளளவு சுமார் 4 லிட்டர். அதிலிருந்து 2 பி.எஸ்.ஐ அளவு காற்றை வெளியே விட்டால் குறைவது ஒரு கிராமுக்கும் கீழே. விதியே 28 கிராம் வரை வேறுபாட்டை அனுமதிக்கிறது. மழையில் நனைந்த தோல் உறிஞ்சும் தண்ணீரின் எடை இதைவிடப் பல மடங்கு.

பறக்கும் விதம் மாறுமா?

நல்ல பாஸ் என்றால் பந்து தன் நீள அச்சில் சுழன்றுகொண்டே போகும். அதுதான் ஸ்பைரல். சுழற்சி நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் இருக்கும், அதாவது நொடிக்கு பத்து. அந்தச் சுழற்சிதான் பந்தின் மூக்கைத் திசை மாறாமல் பிடித்து வைக்கிறது. மூக்கு முன்னே இருக்கும்போது காற்று தடுப்பது மிகக் குறைவு; பந்து தள்ளாடி அகலப்பக்கம் காட்டினால் தடுப்பு பல மடங்கு ஏறும், பாஸ் வழியிலேயே தொய்ந்து விழும்.

இதில் அழுத்தத்துக்கு என்ன பங்கு? பந்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தோலும் தையலும். 11.5 இல் இருந்தாலும் 13 இல் இருந்தாலும் சுற்றளவில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது. வடிவம் அதே, எடை அதே என்றால் அதே வேகத்தில் அதே சுழற்சியோடு கிளம்பிய இரண்டு பந்துகள் ஒரே மாதிரிதான் பறக்கும். கேள்வியே “அதே சுழற்சியோடு கிளம்புமா” என்பதுதான்.

அப்படியானால் வேறுபாடு எங்கே வருகிறது?

கைப்பிடியில். பாஸ் எறியும் வீரரான குவார்ட்டர்பேக் பந்தைப் பிடிப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் லேஸ்கள் மேல் உட்கார்ந்திருக்கும். ஆள்காட்டி விரல் முனைக்கு அருகே நீண்டிருக்கும். கட்டைவிரல் அடியில். உள்ளங்கை பந்தை முழுசாகத் தொடாது, நடுவில் சின்ன இடைவெளி இருக்கும். கை முன்னே வீசி வரும்போது விரல்கள் ஒவ்வொன்றாகப் பந்திலிருந்து விலகும். கடைசியாக விலகுவது ஆள்காட்டி விரல். விரல்கள் தோலைப் பற்றி இழுத்து விலகுகிற அந்தக் கணத்தில்தான் சுழற்சி பிறக்கிறது. விரல் வழுக்கினால் சுழற்சி குறையும். சுழற்சி குறைந்தால் பந்து தள்ளாடும்.

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். கல் மாதிரி இறுகிய பந்தில் விரல் மேலோட்டமாகத்தான் நிற்கும். காற்று கொஞ்சம் குறைந்தால் தோல் விரலுக்கு இடம் கொடுக்கும், விரல் நுனி லேசாகப் புதையும், தொடும் பரப்பு கூடும். உராய்வு பரப்பளவைப் பொறுத்தது இல்லை என்று பள்ளியில் படித்திருப்போம். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது சரி. விரல் சதை, ஈரத்தோல் போன்ற மெத்தென்ற பொருள்களுக்கு அப்படியே பொருந்தாது. பிடி பலமானால் அவசரத்தில், தற்காப்பு வீரர் பாய்ந்து வரும் நேரத்தில், பந்தைச் சரியாகப் பற்றாமலே எறிய வேண்டிய நிலையில் கைகொடுக்கும். மழையில் இன்னும் அதிகமாக.

ஆனால் அளவை மறந்துவிடக் கூடாது. 13 இலிருந்து 9 க்கு இறக்கினால் யார் கையும் கண்டுபிடித்துவிடும். 12.5 இலிருந்து 11.5 க்கு? அன்றைய ஆட்டத்தில் நடுவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும் முன்னால் பந்தைக் கையில் எடுத்து வைத்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எல்லாக் குவார்ட்டர்பேக்குகளும் மெத்தென்ற பந்தைத்தான் விரும்புவார்களா?

இல்லை, இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 12.5 ஐ விரும்பினார், விதியின் கீழ் எல்லை. அப்போது கிரீன் பே பேக்கர்ஸில் ஆடிய ஆரன் ராஜர்ஸ் நேர் எதிர்: பந்து எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 2014 நவம்பர் 30 அன்று இந்த இருவரும் மோதிய ஆட்டத்தின் ஒளிபரப்பிலேயே வர்ணனையாளர் ஃபில் சிம்ஸ் இதைச் சொன்னார்: ராஜர்ஸ் விதி அனுமதிக்கும் எல்லைக்கு மேலும் காற்றடிக்க விரும்புவாராம், நடுவர்கள் அதில் கொஞ்சம் இறக்குவார்களாம். நடுவர்கள் காற்றை இறக்குவது தனக்குப் பாதகம் என்று ராஜர்ஸ் பின்னர் வானொலியில் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்.

காரணம் கையளவு. ராஜர்ஸின் கை கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 10 அங்குலத்துக்கு மேல். இறுகிய பந்தையும் அந்தக் கை சுற்றிப் பிடித்துவிடும். கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் முன் இந்த அளவை எடுத்துப் பதிவு செய்கிறார்கள். 9 அங்குலத்துக்குக் கீழே போனால் கேள்வி கிளம்பும். 2022 இல் குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட்டின் கை 8.5 அங்குலம் என்று வந்தபோது வாரக்கணக்கில் அதையே பேசினார்கள். அவர் கல்லூரியில் இரு கைகளிலும் கையுறை போட்டு ஆடியவர்.

இதே காரணத்தால்தான் 2006 இல் விதி மாறியது. அதற்கு முன் இரு அணிகளுமே உள்ளூர் அணி தரும் பந்துகளால் ஆடின. பிரேடியும் இன்னொரு குவார்ட்டர்பேக்கான பேடன் மேனிங்கும் முன்னின்று கேட்டு, ஒவ்வொரு அணியும் தன் தாக்குதலுக்குத் தன் பந்தையே கொண்டுவரலாம் என்று ஆக்கினார்கள். புதுப் பந்தின் மேல் வழவழப்பு இருக்கும். பிரஷ் போட்டு, ஈரத்துணியால் தேய்த்து, பயிற்சியில் எறிந்து எறிந்து ஆட்டத்துக்குப் பதமாக்குவார்கள். என் கணிப்பில் பாஸுக்கு ஒரு பி.எஸ்.ஐ ஐவிட இந்தத் தேய்ப்பு பல மடங்கு முக்கியம்.

பந்தைப் பிடிப்பவருக்கு ஏதாவது லாபம் உண்டா?

கொஞ்சம். இறுகிய பந்து கையில் பட்டுத் துள்ளும், தளர்ந்த பந்து அடங்கும். ஆனால் இன்றைய ரிசீவர்களின் கையுறையே ஒட்டிக்கொள்ளும் வகை. அதற்கு முன்னால் இந்த லாபம் அற்பம்.

பந்தோடு ஓடுபவர்?

தளர்ந்த பந்தைக் கக்கத்தில் இறுக்கிப் பிடிப்பது எளிது. பேட்ரியட்ஸ் வீரர்கள் பந்தை நழுவவிடுவது நம்பமுடியாத அளவு குறைவு என்று ஒரு புள்ளிவிவரம் அப்போது பரவியது. கணக்கு போட்ட முறையிலேயே பிழை இருப்பதாகப் புள்ளியியல் தெரிந்தவர்கள் பலர் காட்டினார்கள். அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

யாரும் தொடாமலே குளிரில் அழுத்தம் குறையுமா?

கட்டாயம் குறையும், அதுவும் நினைப்பதைவிட அதிகமாக. பள்ளியில் படித்த வாயு விதிதான்: கொள்ளளவு மாறாதபோது முழு அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அன்றைய எண்களையே போட்டுப் பார்ப்போம். நடுவர்களின் அறை சுமார் 71 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 294.8 கெல்வின். மைதானம் சுமார் 48 டிகிரி, அதாவது 282 கெல்வின். அறையில் கேஜ் 12.5 காட்டிய பந்தின் முழு அழுத்தம் 27.2. அதை 282 ஆல் பெருக்கி 294.8 ஆல் வகுத்தால் 26.02. வெளிக்காற்றின் 14.7 ஐக் கழித்தால் 11.32. ஊசி குத்தாமல், யாரும் கை வைக்காமல், ஒரு பி.எஸ்.ஐ க்கு மேல் போய்விட்டது. அறை 67 டிகிரியாக இருந்திருந்தால் விடை 11.52.

மழை?

அன்று மழையும் இருந்தது. நனைந்த தோலிலிருந்து நீர் ஆவியாகும்போது பந்து இன்னும் குளிரும். நனைந்து மெத்தென்று ஆன தோல் கொஞ்சம் நீளவும் செய்யும். கொள்ளளவு கூடினால் அழுத்தம் குறையும். இரண்டும் ஒரே திசையில்தான் தள்ளுகின்றன.

அப்படியானால் டிஃப்ளேட்கேட்டில் உண்மையில் என்ன அளந்தார்கள்?

இடைவேளையில் பேட்ரியட்ஸின் 11 பந்துகளை இரண்டு நடுவர்கள் இரண்டு கேஜ்களால் அளந்தார்கள். லோகோ இருந்த கேஜில் சராசரி 11.49, இன்னொன்றில் 11.11. இரண்டு கருவிகளுக்கு நடுவிலேயே ஏறக்குறைய 0.4 வித்தியாசம். கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை மட்டும் அளந்தார்கள், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த நான்கும் ஒரு நடுவரின் அளவில் 12.5 அல்லது அதற்கு மேல். இன்னொரு நடுவரின் அளவில் நான்கில் மூன்று 12.5 க்குக் கீழே. கோல்ட்ஸ் தங்கள் பந்தை 13 அளவில் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பாதியில் கோல்ட்ஸ் வீரர் இடைமறித்த ஒரு பந்தைத் தனியாக மூன்று முறை அளந்தபோது 11.45, 11.35, 11.75 என்று மூன்று விடை வந்தது. கருவியின் நம்பகம் இவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு முன் எடுத்த அளவுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. தலைமை நடுவர் வால்ட் ஆண்டர்சன் எந்தக் கேஜைப் பயன்படுத்தினார் என்பதிலேயே தகராறு. லோகோ இருக்கும் கேஜ் என்றுதான் தன் நினைவு என்றார் அவர். வழக்கறிஞர் டெட் வெல்ஸ் தலைமையில் லீக் அமைத்த விசாரணைக் குழு, இல்லை, மற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. அதற்கு அறிவியல் உதவி செய்த எக்ஸ்போனென்ட் நிறுவனம் கணித்த எதிர்பார்ப்பு மேலே நாம் போட்ட அதே 11.32 முதல் 11.52. ஆண்டர்சனின் நினைவை ஏற்றால் 11.49 சராசரி அதற்குள் அழகாக உட்காருகிறது. ஏற்காவிட்டால் 11.11 வெளியே விழுகிறது. ஒரு பெரிய குற்றச்சாட்டு முழுவதும் எந்தக் கேஜ் என்ற ஒற்றைக் கேள்வியில் தொங்கியது. பேட்ரியட்ஸ் பந்துகளை முதலில் அளந்தார்கள், கோல்ட்ஸ் பந்துகள் அதற்குள் அறைச் சூட்டில் சில நிமிடம் கூடுதலாக இருந்தன என்பதும் இருக்கிறது.

2015 மே மாதம் வந்த 243 பக்க அறிக்கை அழுத்த அளவுகளை மட்டும் நம்பவில்லை. ஊழியர்களுக்கு இடையே போன குறுஞ்செய்திகளும், ஒருவர் பந்துப் பைகளோடு கழிவறைக்குள் 1 நிமிடம் 40 நொடி இருந்ததும் அதில் உண்டு. அவற்றை நான் ஒதுக்கவில்லை, சந்தேகம் வர நியாயமிருக்கிறது. ஆனால் அழுத்த எண்கள் குற்றத்தை நிரூபித்தன என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. இந்த எண்களை வைத்து இரண்டு பக்கமும் நிரூபிக்க முடியாது.

பிரேடி எதற்காகக் காற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டார்?

2014 அக்டோபரில் நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டத்தில் பந்துகள் அளவுக்கு மீறி இறுகியிருந்ததாக அவர் கோபப்பட்டார். மறுநாள் அளந்தபோது சில பந்துகள் 16 ஐ நெருங்கியிருந்தன என்று அறிக்கையில் இருக்கும் குறுஞ்செய்தி சொல்கிறது. வரம்பைவிட 2.5 அதிகம். விரல் இதை உணர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

காற்று குறைந்ததால்தான் ஜெயித்தார்களா?

இல்லை. முதல் பாதி 17–7. அப்போது காற்று குறைந்த பந்துகள். பிரேடியின் 21 எறிதல்களில் 11 சக வீரர் கைக்குச் சேர்ந்தன. இடைவேளையில் காற்றடித்து வரம்புக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டாம் பாதியில் 14 இல் 12 சேர்ந்தன, அணி 28 புள்ளி எடுத்தது. ஒரு ஆட்டத்தை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் தளர்ந்த பந்து பெரிய வரம் என்று நம்புகிறவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தண்டனை என்ன ஆனது?

பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடை. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், 2016 முதல் சுற்றிலும் 2017 நான்காம் சுற்றிலும் வீரர் தேர்வு உரிமை பறிப்பு. 2015 செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேல்நீதிமன்றம் தீர்ப்பளித்தது லீக் ஆணையரின் அதிகாரத்தைப் பற்றி, பந்தின் காற்றைப் பற்றி அல்ல. பிரேடி 2016 இல் தடையை அனுபவித்துவிட்டு வந்து, பந்துகள் கண்காணிப்பில் இருந்த அந்த சீசனில் புள்ளி தரும் டச்டவுன் பாஸ் 28, எதிரணி இடைமறித்த இன்டர்செப்ஷன் 2 மட்டும் என்று ஆடி சூப்பர் பௌலையும் ஜெயித்தார்.

பந்தில் கை வைத்த வேறு கதைகள் உண்டா?

உண்டு. 2012 இல் ஒரேகனுக்கு எதிரான ஆட்டத்தில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியின் மாணவர் மேலாளர் ஒருவர் பந்துகளில் காற்றை இறக்கியது பிடிபட்டது. பல்கலைக்கழகத்துக்கு 25,000 டாலர் அபராதம். ஆட்டத்திலும் அவர்கள் தோற்றார்கள். 2014 நவம்பரில் மினசோட்டாவின் குளிரில் மைதான ஓரத்து ஹீட்டரில் பந்தைச் சூடு காட்டியது கேமராவில் தெரிந்தது, எச்சரிக்கையோடு விட்டார்கள். 2016 டிசம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸ் தங்கள் கைக்கு வந்த இரண்டு பிட்ஸ்பர்க் பந்துகளை அளந்தபோது 11.4, 11.8 என்று காட்டியதாகச் செய்தி வந்தது. அதுவும் குளிர்காலம். விதிமீறல் இல்லை என்று லீக் முடித்துக்கொண்டது. முந்தைய வருடம் இதே அளவு எண்களுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

டென்வர் மாதிரி உயரமான ஊரில்?

அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 12.2 பி.எஸ்.ஐ தான். கடல் மட்டத்தில் 13 க்கு நிரப்பிய பந்தை அப்படியே கொண்டுபோனால் கேஜ் 15.5 காட்டும். ஆட்டத்துக்கு முன் அங்கேயே அளந்து சரி செய்வதால் பிரச்சினை இல்லை. டென்வரில் பாஸ் கூடுதலாகப் போவதற்குக் காரணம் வெளியே இருக்கும் மெல்லிய காற்று, உள்ளே இருப்பது அல்ல.

கிக் அடிப்பவர்களுக்கு?

அவர்களுக்கு 1999 முதல் தனிப் பந்து.

இப்போது எப்படிச் சோதிக்கிறார்கள்?

2015 சீசனிலிருந்து நடைமுறையை இறுக்கினார்கள். பந்துகளுக்கு எண் போடுகிறார்கள். இரண்டு நடுவர்கள் அளந்து, அளவை எழுதி வைக்கிறார்கள். வரம்புக்கு வெளியே இருக்கும் பந்தை 13 க்குக் கொண்டுவருகிறார்கள். சில ஆட்டங்களில் முன்னறிவிப்பின்றி இடைவேளையிலும் அளந்தார்கள். அந்த இடைவேளை எண்களை லீக் வெளியிடவே இல்லை. குளிரான ஊர்களில் பந்து தானாக எவ்வளவு இறங்குகிறது என்று உலகம் முழுவதும் பார்த்திருக்கலாம். வெளியிட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நான் ஒரு பந்து வாங்கியிருக்கிறேன். எவ்வளவு அடிக்க வேண்டும்?

முழு அளவுத் தோல் பந்து என்றால் 12.5 இல் தொடங்குங்கள். செயற்கைத் தோல் பந்து, சிறுவர் பந்து என்றால் வால்வு அருகே அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். ஊசியை நனைத்துவிட்டு நேராகச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கொஞ்சம் காற்று போகும், அதனால் திரும்பத் திரும்ப அளக்க வேண்டாம். எந்த வெப்பநிலையில் ஆடப்போகிறீர்களோ அங்கே பந்தை அரை மணி நேரமாவது வைத்துவிட்டுப் பிறகு அளங்கள். வாயு விதியில் சந்தேகம் இருந்தால், 30 டிகிரி செல்சியஸ் அறையில் 13 க்கு நிரப்பி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் வெளியே எடுத்ததும் அளந்து பாருங்கள். ஃப்ரிட்ஜ் 5 டிகிரியில் இருந்தால் கேஜ் 10.7 பக்கத்தில் நிற்கும்.